ஐஸ் படாத சூரை

அன்று நடந்தவை, வரிசையாக:

1. விடிந்த கையோடு எங்கள் தெரு வள்ளங்கள் தென்கடலிலிருந்து ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. எங்கள் தெருச் சிற்றாலயமான அந்தோணியார் குருசடிக்கு நேர்ச்சைக் காணிக்கையாகச் சூரை மீன் இறங்கியது.

2. மீன்களைக் குருசடிக்கு முன்னால் ஓலைப்பாயில் பரப்பி வைத்தார்கள். மந்திரித்துக் கொடுக்க வரவேண்டிய ஃபாதர், வேறு ஊரில் ஒரு அடக்கச் சடங்கில் மாட்டிக்கொண்டார்.

3. அவர் வந்து தீர்த்தம் தெளித்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

4. சகாயச் சித்தி மூன்று அண்டாக்களில் குழம்பு வைத்தார்.

5. முதல் அண்டாவை இறக்கும் முன் என்னிடம் ஒன்று கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன்.

6. முதல் பந்தி எழுந்து கை கழுவி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முகங்கள் சிவக்கத் தொடங்கின.

7. சாயங்காலத்துக்குள் முப்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

8. மறுநாள் எல்லாரும் நலமாக வீடு திரும்பினார்கள். சித்தியை மட்டும் அதற்குப் பிறகு வெகுநாள் யாரும் சமைக்கக் கூப்பிடவில்லை.

ஐந்தாவது வரிக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். பாலத்தின் நடுவில் ரயில் நின்றுபோன கதையைப் போன வாரம் படித்த ஒரு வாசகி, "லேபில் வேலை என்கிறீர்களே, அங்கே என்னதான் செய்வீர்கள்?" என்று கேட்டிருந்தார். அதற்கான பதிலும் இதில் இருக்கிறது. கொஞ்சம் சுற்றி வரும்.

சித்தியின் நாக்கு

பாம்பனுக்கும் அக்காள்மடத்துக்கும் நடுவில், சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் எங்கள் தெரு. சகாயமேரி என் அம்மாவின் தங்கை. அசனம், கல்யாணம், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை என்று எங்கே பெரிய அடுப்பு மூட்டினாலும் அவர்தான் கரண்டி பிடிப்பார். சித்தப்பா கேரளாவில் லாரி ஓட்டுகிறார். வீடு நடப்பது சித்தியின் அடுப்பில்.

அசனம் என்பது திருவிழாவன்று ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. எங்கள் குருசடியில் அது மீன் குழம்பும் சோறும். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: நேர்ச்சை மீனில் ஐஸ் படக்கூடாது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கம் ஐஸ் என்பது விற்கிற மீனுக்கு. லாரியில் போகிற மீன், எங்கோ யாரோ தின்னப்போகிற மீன், அதற்குத்தான் பெட்டியும் ஐஸும். வீட்டுக்குக் கொண்டுபோகிற மீன் வலையிலிருந்து சட்டிக்குப் போகும். விருந்தாளிக்கு ஐஸ் மீன் வைத்தால் அதைவிட அவமானம் இல்லை. புனிதருக்கு வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இன்னொன்று, முதலில் கரை சேர்ந்த வள்ளத்து மீன் முதல் அண்டாவுக்கு. அது அந்த வள்ளக்காரருக்கு மரியாதை. அந்த வருடம் முதலில் வந்தது சூசை மாமாவின் வள்ளம். அவர்தான் குருசடிக் கமிட்டித் தலைவரும். அவர் மீனுக்குப் பாயில் முன்வரிசை, அண்டாவில் முதல் இடம். ஆறு மணியிலிருந்து அது வெயிலில் கிடந்தது.

மந்திரித்த மீனைச் சமைக்கும்போது உப்புப் பார்க்கலாம், தப்பில்லை. சித்தி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றவர் நிறுத்தினார். இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு இலைக்கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்கன வா. இதத் தின்னு பாரு. நாக்குல சுருசுருன்னு இருக்கு. நான் மொளகே போடல."

தின்று பார்த்தேன். லேசாக ஏதோ இருந்தது. மிளகாய் என்று நினைத்தேன்.

"எறக்க வேணாம்னு தோணுது" என்றார் சித்தி.

வெளியே பந்தி உட்கார்ந்துவிட்டது. இலை போட்டாயிற்று. சோறு விழுந்துகொண்டிருந்தது. நான் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் லேபில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மீன் துண்டிலிருந்து பாக்டீரியாவை வளர்த்து, தட்டில் முளைக்கும் புள்ளிகளை எண்ணுவது என் வேலை. கொதிக்க வைத்த மாதிரியில் ஒரு புள்ளிகூட முளைக்காது என்பதை நூறு தடவை கண்ணால் பார்த்தவள் நான்.

"சித்தி, அரைமணி நேரமா தளபுளன்னு கொதிச்சிருக்கு. எந்தக் கிருமியும் உயிரோட இருக்காது. எறக்குங்க" என்றேன்.

இறக்கினார்.

ஊசியின் பெயர்

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் வெயிலில் வெந்தது மாதிரிச் சிவப்பு. சிலருக்குத் தடிப்பு, சிலருக்குத் தலைவலி, நெஞ்சு படபடப்பு. சூசை மாமாவும் அதில் இருந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொடையைச் சொறிந்தபடியே, தான் நன்றாகத்தான் இருப்பதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டுக்கொண்டு வந்த நர்ஸ் என்னிடம், "பயப்படாதம்மா. ஆன்டி ஹிஸ்டமின் போட்டாச்சு. செத்த நேரத்துல எறங்கிரும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஹிஸ்டமின் என்ற அந்தச் சொல்லில் நான் நின்றுவிட்டேன்.

லேபில் எனக்கு அடுத்த மேசையின் வேலையே அதுதான். சூரை, அயிலை வந்தால் ஹிஸ்டமின் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். பரீட்சைக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. நேர்ச்சை மீனையும் ஏற்றுமதி மீனையும் நான் ஒரே மீனாக நினைத்ததே இல்லை.

ஊசி வேலை செய்தது. ஒருவருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. தெரு அதற்குள் தன் முடிவுக்கு வந்திருந்தது. அண்டா கழுவவில்லை என்றார்கள். பழைய மசாலா என்றார்கள். கை சரியில்லை என்றார்கள். அந்த மாதம் சித்தியிடம் சொல்லி வைத்திருந்த கல்யாண வீட்டார் வேறு சமையல்காரரைப் பார்த்துவிட்டதாக ஆள் அனுப்பினார்கள். சித்தி அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அடுத்த மாதமும் அவை கவிழ்ந்தே கிடந்தன.

செல்வி சொன்னது

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி செல்வி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். கண்மாய்க் கெண்டை தின்பாள், கடல் மீனைத் தொடமாட்டாள். காரணம் கேட்டேன்.

"கடல் மீனு நாக்கக் கடிக்கும்டி" என்றாள். "எங்க அய்யா ஒருதடவ வண்டிக்காரன்கிட்ட சூரை வாங்கியாந்தாக. தின்ன எல்லாருக்கும் மூஞ்சி செவந்துபோச்சு. அதோட விட்டுட்டோம்."

நான் சிரித்தேன். உங்களுக்கு மீன் தின்னவே தெரியவில்லை என்று கேலி செய்தேன். வருடம் முழுக்கக் கேலி செய்தேன்.

நாக்கைக் கடிக்கும் மீனைக் கடலுக்குத் தள்ளி உள்ள ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வண்டியில் வெயிலில் போய்ச் சேர்ந்த மீனைத்தான் அவர்கள் தின்றார்கள். கடற்கரையில் இருக்கும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அப்படி ஒரு மீனைத் தின்றதே இல்லை.

மடிப்பு உள்ளதும் இல்லாததும்

என் தவறு எங்கே என்று சொல்ல, இரண்டு வகை மூலக்கூறுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது புரதம். இருபது வகை மணிகளை மாற்றி மாற்றிக் கோத்த நீண்ட சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மணிகளுக்கு அமினோ அமிலம் என்று பெயர். சரமாக நீண்டு கிடந்தால் புரதம் எந்த வேலையும் செய்யாது. தனக்கே உரிய விதத்தில் மடிந்து சுருண்டு, ஒரு வடிவத்துக்கு வந்தால்தான் வேலை. அப்படி மடிந்த புரதங்களில் ஒரு வகை நொதி. மடிப்புகளுக்கு இடையில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் எது பொருந்துகிறதோ அதை மட்டும் பிடித்து வெட்டும், அல்லது ஒட்டும்.

சூடு மடிப்பைக் கலைத்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு கல்லில் விழுந்ததும் வெளுத்து இறுகுவது அதனால்தான். மணிகள் அப்படியே இருக்கின்றன. வடிவம் போய்விட்டது, கூடவே வேலையும் போய்விட்டது.

இப்போது சூரைக்கு வருவோம். அதன் சதையில் ஹிஸ்டிடின் என்ற மணி, சரத்தில் கோக்கப்படாமல் ஏராளமாக உதிரியாகக் கிடக்கிறது. நிற்காமல் நீந்துகிற மீனின் சதையில் சேரும் அமிலத்தின் புளிப்பை அது தணித்து வைக்கிறது. மீன் உயிரோடு இருக்கும்வரை அதனால் நன்மைதான். மீன் செத்ததும் செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் வெயிலில் பெருகுகின்றன. அவை செய்யும் ஒரு நொதி, ஹிஸ்டிடினின் ஒரு ஓரத்தை நறுக்கிவிடுகிறது. நறுக்கிய துண்டு கரியமில வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது ஹிஸ்டமின்.

நாற்றம் இருக்காது, நிறம் மாறாது. கண்ணும் மூக்கும் நல்ல மீன் என்றே சொல்லும்.

ஹிஸ்டமின் நமக்குப் புதிதல்ல. கொசு கடித்த இடம் தடிப்பது அதனால்தான். உடம்பே அதை அளவாகச் செய்து வைத்திருக்கிறது. ரத்தக்குழாயின் செல்கள் மேல் அதைப் பிடிப்பதற்கென்றே மடிந்த புரதங்கள் இருக்கின்றன. அதில் ஹிஸ்டமின் வந்து உட்கார்ந்தால் 'விரி' என்று உத்தரவு. ஊசி மருந்து அந்த இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், ஹிஸ்டமினுக்கு இடம் இருக்காது. மீனிலிருந்து ஒரேயடியாக நிறைய வந்தால் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் உத்தரவு போகிறது.

அண்டா கொதித்தபோது பாக்டீரியா செத்தது. நொதியின் மடிப்பும் கலைந்தது. அதுவரை நான் சொன்னது சரி. ஆனால் அவை ஐந்து மணி நேரம் செய்து வைத்துவிட்டுப் போன ஹிஸ்டமின்? அது ஒரு சின்ன வளையம், அதில் ஒரு குட்டி வால், அவ்வளவுதான். கலைவதற்கு அதில் மடிப்பே கிடையாது. அடுப்பு அதை ஒன்றும் செய்யாது.

நோட்டுப் புத்தகம்

எனக்குத் தெரிந்த ஒரே வழி பட்டியல் போடுவது. மூன்று நாள் மத்தியானங்களில் வீடு வீடாகப் போனேன். பெயர், எந்தப் பந்தி, எத்தனை துண்டு, எவ்வளவு நேரத்தில், என்ன செய்தது. சில வீடுகளில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், "உங்க சித்திக்கு வக்கீல் வேல பாக்க வந்தியாக்கும்" என்றார்கள். அதையும் எழுதிக்கொண்டேன். பிறகு அடித்துவிட்டேன்.

முடிந்ததும் பட்டியல் தானாகப் பேசியது. சொறிந்தவர்களில் அநேகமாக எல்லாரும் முதல் பந்தி. முதல் பந்திக்குப் போனது முதல் அண்டா. முதல் அண்டாவில் வெந்தது முதலில் வந்து அதிக நேரம் கிடந்த மீன். அதே மசாலா, அதே கை, அதே கரண்டியில் வந்த மூன்றாவது அண்டாவில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அந்த மீன்கள் கடைசி வள்ளத்தில் வந்தவை. ஃபாதர் வருவதற்குச் சற்று முன்தான் கரையேறின.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கமிட்டி கூடியபோது நோட்டோடு போய் நின்றேன். பெண்கள் வாசல் பக்கம் நின்றிருந்தார்கள். சித்தியும் நின்றார்.

நான் சொல்லி முடித்ததும் சூசை மாமா கேட்டார். "அப்ப எம்மீனு கெட்ட மீனுங்கிற?"

"இல்ல மாமா. நல்ல மீனு. வெயில்ல கெடந்துச்சு."

"ஐஸுல வச்சிருக்கணும்?"

"ஆமா மாமா."

பின்னாலிருந்து யாரோ, "ஏலே, அந்தோணியாருக்கே ஐஸ் வைக்கச் சொல்லுதுடா புள்ள" என்றார்கள். கூடம் சிரித்தது. எனக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

மாமா சிரிக்கவில்லை. "கொதிக்கக் கொதிக்க எறக்குன கொழம்பு. அதுல என்னத்தா இருக்கும்? சமைச்சவ கை சரியில்லன்னு சொல்லு, ஒத்துக்கிறேன்."

நோட்டை மூடினேன்.

"அதே வார்த்தையத்தான் மாமா நானும் சித்திகிட்ட சொன்னேன். நாக்குல என்னமோ பண்ணுது, எறக்க வேணாம்னு சித்தி சொன்னாங்க. கொதிச்சாச்சு, எறக்குங்கன்னு சொன்னது நாந்தான்."

"நீ படிச்ச புள்ளயாச்சே" என்றார் மாமா. திட்டுவது போல இல்லை, நிஜமாகவே கேட்பது போல இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு, காகிதத்தில் எழுதியதை நம்ப முடியாது என்றும், தன் மீனைத் தன் கையாலேயே வேக வைத்துத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது சித்தி எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். முக்கு திரும்பியதும் நின்றார்.

"ஊருக்கு முன்னால சொல்லிட்ட. எங்கிட்ட எப்பச் சொல்லலாம்னு இருந்த?"

உண்மைதான். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை வீட்டுக் கதவைத் தட்டினேன், சித்தி வீட்டை மட்டும் தட்டவில்லை. எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். அவருக்கு நிரூபணம் தேவைப்படவில்லை.

"என் நாக்கு சொன்னத விட்டுட்டு ஒன் பேச்சக் கேட்டேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை.

இரண்டு குப்பிகள்

அதை லேபிலேயே செய்து காட்ட என் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கினேன். சூசை மாமா ஒரே வலையில் விழுந்த இரண்டு சூரைகளோடு வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். ஒரு மீனை ஐஸில் புதைத்தோம். மற்றதை லேபின் பின்பக்கம் வெயிலில் வைத்தோம். காக்கா வராமல் அவரே காவல் இருந்தார். மத்தியானம் இரண்டிலும் துண்டு போட்டு, தனித்தனிச் சட்டியில் அவர் கையாலேயே வேக வைத்தார். ஒரு மணி நேரம் முழுசாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

வெந்ததும் இரண்டையும் முகர்ந்தார். "ரெண்டும் ஒரே வாடைதான்."

ஹிஸ்டமினைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரு நொதியைத்தான் பயன்படுத்துகிறோம். ஹிஸ்டமின் மட்டுமே பொருந்தும் பள்ளம் கொண்ட இன்னொரு மடிந்த புரதம். அது ஹிஸ்டமினைப் பிடித்தால் குப்பியில் நிறம் ஏறும். பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். ஐஸ் மீனின் குப்பி வெளிறிய மஞ்சளோடு நின்றுவிட்டது. மற்றது அடர்ந்த ஆரஞ்சாக ஏறியது.

மாமா இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னொரு மணி நேரம் வேக வச்சா?"

வேக வைத்தோம். அதே ஆரஞ்சு.

மாமா குப்பியை மேசையில் வைத்தார். கை கழுவினார். பஸ்ஸில் பாலத்தைத் தாண்டும்வரை கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் நிறுத்தத்தில் இறங்கியதும் தன் வீட்டுக்குப் போகாமல் சித்தி வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

சித்தி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"சகாயம், வர்ற வருசம் அசனம் ஒங்கைதான்" என்றார் மாமா.

சித்தி முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டார். "ஐஸு யாரு கொண்டாரது?"

"நான் கொண்டாரேன்."

"வள்ளத்துலயே போட்டு வரணும். கரையில வந்து போடுறது இல்ல."

"சரித்தா."

மன்னிப்பு என்ற சொல் அங்கே வரவில்லை. யாரும் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

இப்போதைய நிலை

அதற்குப் பிறகு இரண்டு திருவிழாக்கள் முடிந்துவிட்டன. நேர்ச்சை மீன் ஐஸ் பெட்டியில் வருகிறது. ஃபாதர் வந்ததும் மூடியைத் திறந்து தீர்த்தம் தெளிக்கிறார், உடனே மூடிவிடுகிறோம். முதல் வருடம் ஒரு வள்ளக்காரர் பழைய முறைப்படி ஐஸ் இல்லாமல் கொண்டுவந்தார். சித்தி அதை அடுப்படிக்குள் விடவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போய், மறுவருடம் பெட்டியோடு வந்தார்.

நான் ஹிஸ்டமின் மேசைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். சித்தி என்னோடு பேசுகிறார். இந்த மாதம் அவருக்கு இரண்டு கல்யாணம், ஒரு புதுநன்மை. அன்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் மூன்று வீட்டார் இன்னும் குழம்பு வாங்குவதில்லை. அசனத்துக்கு வருகிறார்கள், சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் சித்தி மீன் துண்டை எண்ணிப் போடுகிறார்.